தற்படமும் மூக்கழகும்

தமிழ்மொழியில் மூக்கு என்பது மூச்சுவிடுவதற்கு மட்டும் அமைந்த உறுப்பன்று. மானம் குடியிருக்கும் இடமாகவும் அது கருதப்பட்டு வந்துள்ளது. அவை நடுவே நாணமுற்றவனை மூக்கறுபட்டான் என்கிறோம். வியப்புற்றோர் மூக்கின்மேல் விரல் வைக்கின்றனர். எளிதிற் சினப்பவருக்குக் கோபம் மூக்கின்மேல் நிற்கின்றது. பிறந்த குழந்தையைக் கண்டு திரும்பும் மூதாட்டியர், 'மூக்கும் முழியுமாய் இருக்கிறது' என்று அழகனைத்தையும் ஒரே தொடரில் அடக்கிவிடுவர். புலவர்கள் எள்ளுப்பூவையும் குமிழம்பூவையும் மூக்கிற்கு உவமையாக்கினர். அப்பூவின் நீளம் எத்தனை விரற்கடை, அகலம் எத்தனை என்று எவரும் அவர்களிடம் கணக்குக் கேட்டதில்லை.

இன்று கணக்குக் கேட்கின்றார்கள். கைப்பேசியில் தம் முகத்தைத் தாமே படமெடுத்து, அப்படத்தை இரு விரலால் விரித்து, மூக்கின் அகலத்தை அளந்து பார்த்து, 'இதைக் குறைத்துத் தாருங்கள்' என்று மருத்துவர்முன் நிற்போர் உலகெங்கும் பெருகியுள்ளனர். மூக்கறுபடுவது ஒருகாலத்தில் தண்டனையாக இருந்தது; இப்பொழுது பணங்கொடுத்துப் பெறும் பேறாகவும் ஆகியிருக்கின்றது. அறுவையே கூடாது என்று வாதிடுவது நம் கருத்தன்று. அறுவையை நாடுவோர் எந்தச் சான்றை நம்பி நாடுகின்றனர், அச்சான்று எத்துணை உண்மையுடையது என்பதையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

இலையும் மெழுகும்

மூக்கைச் சீரமைக்கும் கலை நம் நாட்டிற்குப் புதியதன்று. சுசுருத சங்கிதை இதனை விளக்குகின்றது. அறுபட்ட மூக்கின் அளவிற்கு ஓர் இலையை எடுத்து, அவ்விலையின் அளவாகவே கன்னத்துத் தசையைக் கீறி மூக்கில் பொருத்துதல் அந்நூல் கூறும் முறையாகும்.

இக்கலை ஏட்டளவில் நின்றுவிடாமல் கைத்தொழிலாகத் தொடர்ந்து வந்தது என்பதற்கு, இலண்டனிலிருந்து வெளிவந்த 'ஜென்டில்மேன்ஸ் மேகசின்' என்னும் இதழில் 1794ஆம் ஆண்டு அக்டோபரில் அச்சான கடிதம் சான்றாகும். ஆங்கிலேயப் படையில் மாடோட்டியாக இருந்த காவஸ்ஜி என்பவர் 1792ஆம் ஆண்டு மைசூர்ப் போரில் சிறைப்பட்டு மூக்கையும் ஒரு கையையும் இழந்தார் என்றும், ஓராண்டளவும் மூக்கின்றி வாழ்ந்தபின் பூனாவிற்கு அருகே செங்கல் அறுக்கும் குலத்தைச் சேர்ந்த ஒருவர் அவருக்குப் புதிய மூக்கமைத்தார் என்றும் அக்கடிதம் கூறுகின்றது. தம் பகைவரான திப்பு சுல்தானைப் பற்றி ஆங்கிலேயர் எழுதியவற்றையெல்லாம் சீர்தூக்கியே கொள்ள வேண்டும்; அது வேறோர் ஆராய்ச்சி. நமக்கு இங்கு வேண்டுவது அம்மனிதரின் கைத்திறன். அவர் மெல்லிய மெழுகுத் தகட்டை முகத்தில் வைத்து மூக்கின் வடிவில் வனைந்தார். பின் அதனைத் தட்டையாக்கி நெற்றியில் விரித்துச் சுற்றிக் கோடிட்டார். அக்கோட்டின்படி நெற்றித்தோலைக் கீறி, வேர் அறாமல் கீழே திருப்பி மூக்காக்கினார். மண்ணையும் அச்சையும் பழகிய கைக்குரிய அறிவு இதில் தெரிகின்றது. ஜேம்ஸ் வேல்ஸ் என்னும் ஓவியர் காவஸ்ஜியைப் படமாகத் தீட்ட, அது அச்சாகிப் பரவியது. இம்முறையைக் கற்ற ஜோசப் கார்ப்பியூ 1814இல் இலண்டனில் இதனைச் செய்து காட்டி, 1816இல் நூலாகவும் எழுதினார்.

இலையாயினும் மெழுகாயினும் அளவு முகத்தின்மேலேயே எடுக்கப்பட்டது. காவஸ்ஜியின் ஓவியம் அறுவைக்குப் பின் வந்தது, அறுவைக்கு வழிகாட்டியதன்று. நோயாளியும் இழந்த மூக்கைத் திரும்பப் பெற வந்தவரேயன்றி, இருக்கும் மூக்கில் குறைகண்டு வந்தவரல்லர். அக்குறைகாணும் காலம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கியது. அமெரிக்காவில் ஜான் ரோ என்பவர் 1887இல் வெளியே தழும்பு தோன்றாவண்ணம் மூக்கின் உள்ளிருந்தே திருத்தும் முறையை வெளியிட்டார். ஜெர்மனியின் பெர்லினில் ஜாக் ஜோசப் 1898 முதல் பெரிய மூக்குகளைச் சிறிதாக்கினார். மூக்கைக் கொண்டு தம்மை இனங்கண்டு இழிவு செய்வரோ என அஞ்சிய யூதர் பலர் அவரிடம் வந்தனர். இழிவு செய்தோரைத் திருத்த இயலாத இடத்தில் மூக்கைத் திருத்திக்கொள்ள நேர்ந்த வரலாறு அது.

கைத்தொலைவு

முகத்தை நோக்கும் படக்கருவியுடன் கூடிய கைப்பேசி ஜப்பானில் 1999இல் வெளிவந்தது. 2010இல் ஐபோன் 4 முன்புறப் படக்கருவியோடு வந்தபின் அவ்வழக்கம் உலகெங்கும் பரவிற்று. 'செல்ஃபி' என்னும் சொல்லை ஆக்ஸ்ஃபோர்டு அகராதியார் 2013ஆம் ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தனர். தமிழில் தற்படம், தம்படம், சுயமி, தாமி எனப் பலவாறு ஆக்கிப் பார்த்தோம். நம் மாணவர் வாயில் செல்ஃபியே நின்றது. இக்கட்டுரையிலேனும் தற்படம் வாழட்டும்.

அமெரிக்க முகச் சீரமைப்பு அறுவை மருத்துவர் கழகம் தன் உறுப்பினர்களை வினவியபொழுது, தற்படத்தில் நன்றாகத் தோன்ற வேண்டும் என்று கேட்டு வந்தோரைத் தாம் கண்டதாக 2017இல் 55 விழுக்காட்டினர் கூறினர். முந்தைய ஆண்டினும் இது 13 கூடுதலாகும். ஆண்டாண்டாகப் பக்கத்தில் இருந்தோர் காணாத குறையைப் படம் காட்டியது எங்ஙனம்?

இதற்கு எளிய கணக்கே போதும். மூக்கின் நுனி முகத்தில் மிகவும் முன்னே நிற்பது. காது அதற்குச் சற்றேறக்குறைய 12 செ.மீ. பின்னே இருப்பது. கையை மடக்கிப் படமெடுக்கும்பொழுது கருவிக்கும் மூக்கிற்கும் இடையே ஓரடி, அதாவது 30 செ.மீ. எனக் கொள்வோம். காது 42 செ.மீ. தொலைவில் நிற்கும். அண்மையிலுள்ளது பெரிதாகவும் சேய்மையிலுள்ளது சிறிதாகவும் பதிவது படக்கருவியின் இயல்பு. ஆகவே காதோடு ஒப்ப நோக்கின் மூக்கு 42ஐ 30ஆல் வகுத்த 1.4 மடங்காகப் பதிகின்றது. அதே முகத்தை ஐந்தடி தள்ளி நின்று, அதாவது 150 செ.மீ. தொலைவிலிருந்து எடுத்தால் காது 162 செ.மீ.யில் இருக்கும். அப்பொழுது வருவது 1.08 மடங்கே. முன்னதைப் பின்னதால் வகுத்தால் 1.3. எதிரே நின்று பேசுபவர் காணும் மூக்கைவிடத் தற்படத்து மூக்கு ஏறத்தாழ 30 விழுக்காடு பெருத்துவிட்டது. மூக்கின்மேல் குற்றமில்லை, தொலைவின்மேல் குற்றம்.

அமெரிக்க மருத்துவரான போரிஸ் பாஸ்கோவரும் உடன் ஆராய்ந்தோரும் 2018இல் முகமாதிரியொன்றை அமைத்துக் கணக்கிட்டு இதே அளவை வெளியிட்டனர். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் தென்மேற்கு மருத்துவ மையத்தார் 2022இல் உண்மையான மனிதரையே வைத்துப் பார்த்தனர். ஓரடித் தற்படத்தில் மூக்கின் நீளம் 6.4 விழுக்காடு கூடியும் முகவாய் 12 விழுக்காடு குறுகியும் தோன்றக் கண்டனர். நீளம் சிறிதே கூடினும், முகவாய் சுருங்குவதால் மூக்கு இன்னும் ஓங்கித் தெரிகின்றது. இப்பொறியில் சிக்குவோர் தம் முகவாயை நினைப்பதேயில்லை.

தூத்துக்குடிக் கடற்கரை மக்களுக்கு இத்தகைய மயக்கம் புதியதன்று. சங்கு குளிப்பவர் கண்ணாடி அணிந்து நீருள் மூழ்கும்பொழுது தரையிற் கிடக்கும் சங்கு உள்ளதைவிட மூன்றிலொரு பங்கு பெரிதாகவும், கால்பங்கு அருகில் இருப்பதாகவும் தோன்றும். நீரிலிருந்து கண்ணாடிக்குப் பின்னுள்ள காற்றுக்குள் ஒளி வரும்பொழுது வளைவதால் நிகழ்வது அது. தற்படத்தின் காரணம் வேறு. ஆயினும் பெருக்கும் அளவு இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றாகவே அமைந்திருப்பது வியப்பிற்குரியது. சங்கு குளிப்பவர் நீருள் கண்ட அளவிற்கு விலை பேசுவதில்லை. கரைக்குக் கொணர்ந்த சங்கு வளையத்தில் இட்டு அளக்கப்படும். அளவிற்குக் குறைந்த உயிர்ச்சங்கு கடலுக்கே திரும்பும் என்பது நெடுங்கால ஒழுங்கு. முத்தும் அவ்வாறே. இங்கு கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். அக்காலம் வரையும் சிப்பியிலிருந்து எடுத்த முத்துகளைத் துளையிட்ட பித்தளைச் சல்லடைகளில் ஒன்றன்பின் ஒன்றாகச் சலித்துத் தரம் பிரித்த பின்னரே விலை கூறினர். கடலுக்குள் பார்த்த கண்ணை எவரும் தராசாகக் கொள்ளவில்லை.

எடுப்பதும் அழிப்பதும்

தொலைவினால் வரும் மயக்கம் ஒருமுறை படமெடுப்பதோடு நின்றால் தீங்கு சிறிது. அது வழக்கமாகிவிடும்பொழுதே உள்ளத்தைப் பற்றுகின்றது. இவ்வழக்கத்தை அளந்து பார்த்த ஆராய்ச்சியொன்று நம் அண்டை நகரான மதுரையில் நிகழ்ந்தது என்பதை மாணவர் பலர் அறியார். 'செல்ஃபைட்டிஸ்' என்றொரு நோயை அமெரிக்க மனநல மருத்துவக் கழகம் அறிவித்துவிட்டதாக 2014இல் ஒரு பொய்ச்செய்தி உலவியது. பொய்யென்று ஒதுக்கிவிடாமல், அதனுள் ஏதேனும் மெய் உண்டா என்று பார்க்கத் துணிந்தனர், மதுரைத் தியாகராசர் மேலாண்மைப் பள்ளியைச் சேர்ந்த ஜனார்த்தனன் பாலகிருஷ்ணனும் இங்கிலாந்தின் நாட்டிங்காம் டிரென்ட் பல்கலைக்கழகத்து மார்க் கிரிஃபித்சும். 2017இல் வெளியான அவர்தம் ஆய்வில் முதலில் 225 மாணவர்கள் குழுக்களாக அமர்ந்து பேசினர். பின்னர் 400 பேரிடம் 20 கூற்றுகள் கொண்ட அளவுகோல் ஒன்று சோதிக்கப்பட்டது. பிறர் கவனத்தை ஈர்த்தல், போட்டி, மனநிலையை மாற்றிக்கொள்ளல், தன்னம்பிக்கை, கூட்டத்தோடு ஒத்துப்போதல் எனத் தற்படம் எடுப்பதற்குரிய காரணங்களை அவர்கள் பகுத்தனர். இது மருத்துவ உலகம் ஏற்ற நோய்ப்பெயர் அன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெண்களின் வழக்கமே இது என்று எண்ணுவோர், அம்மாணவர்களுள் ஆண்களே இதில் மிகுந்திருந்தனர் என்பதையும் கருதுக.

மூக்கைப் பற்றிய கவலையுடையோரின் பழக்கத்திற்குத் தனிச்சாயல் உண்டு. ஒரே கோணத்தில் பலமுறை எடுப்பர், முகத்தின் ஒரு பக்கத்தை மறைப்பர், எடுத்தவற்றை அழிப்பர், அழியாமல் எஞ்சியதையும் விரித்து மூக்கை மட்டும் பார்ப்பர். எடுக்கும் ஒவ்வொரு படமும் ஓரடித் தொலைவிலேயே எடுக்கப்படுவதால் ஒவ்வொன்றும் அதே பொய்யைச் சொல்கின்றது. நூறு சாட்சிகள் ஒரே பொய்யைச் சொன்னால் அது மெய்யாகிவிடும் அன்றோ!

இதனோடு இடவலமாற்றம் என்னும் மயக்கமும் சேர்கின்றது. நாம் நம் முகத்தை அறிவது கண்ணாடியில். பிறர் அறிவது நேரில். 1977இல் அமெரிக்காவில் மூவர் செய்த சோதனையில், தம் படத்தின் கண்ணாடிச் சாயலையே மாணவியர் பெரிதும் விரும்பினர். அவர்தம் தோழியரோ நேர்ப்படத்தை விரும்பினர். பழகிய தோற்றமே இனிய தோற்றம். எவர் மூக்கும் அச்சில் வார்த்தாற்போல் நேராக இருப்பதில்லை. கண்ணாடியில் இடப்பக்கம் சாய்ந்து பழகிய மூக்கு, சேமித்த படத்தில் வலப்பக்கம் சாய்ந்து தோன்றின், உடையவருக்கே அது அயலார் மூக்காகிவிடுகின்றது.

இவற்றினும் கொடியது கைப்பேசி தானே முகத்தைத் திருத்தித் தரும் வசதி. விழியைப் பெரிதாக்கி, மூக்கைக் கூராக்கி, நிறத்தை வெளுக்கச் செய்யும் அத்திரையை மாணவர் ஃபில்டர் என்பர். முன்பெல்லாம் நடிகரின் படத்தைக் காட்டி 'இவர் மூக்கைப்போல் வேண்டும்' என்று கேட்டு வந்தோர், இப்பொழுது திருத்தப்பட்ட தம் படத்தையே காட்டுகின்றனர் என்று கண்டு, இலண்டன் மருத்துவரான டிஜியன் ஈஷோ அதற்கு ஸ்னாப்சாட் செயலியின் பெயராலேயே ஒரு பெயரிட்டார். 2018இல் பாஸ்டன் மருத்துவர்களின் கட்டுரையால் அப்பெயர் பரவிற்று. நடிகரின் மூக்கு எட்டாதது என்பது கேட்பவருக்கே தெரியும். தம் முகத்திலேயே ஒட்டிக் காட்டப்பட்ட மூக்கு எட்டிவிடும் என்று தோன்றுவதில் வியப்பில்லை.

தன் உறுப்பில் இல்லாத குறையை, அல்லது பிறர் கண்ணிற் படாத சிறுகுறையை, ஓயாது எண்ணி வருந்தும் நோயை இத்தாலிய மருத்துவர் என்ரிகோ மோர்செல்லி 1891இலேயே விளக்கினார். பெல்ஜிய நாட்டின் லூவன் நகரில் மூக்கறுவை நாடி வந்தோரை ஆராய்ந்து 2011இல் வெளியிட்ட கட்டுரை, அவருள் மூவருக்கு ஒருவர் வீதம் இந்நோயின் அறிகுறிகளை நடுத்தர அளவிலோ அதற்கு மேலோ கொண்டிருந்ததாகக் கூறுகின்றது. இத்தகையோருக்கு மூக்கு மாறினாலும் மனம் ஆறுவது அரிது. மீண்டும் அறுவை கேட்பர். அல்லது குறை மூக்கிலிருந்து முகவாய்க்கு இடம்பெயரும்.

மார்க்கமும் மருத்துவமும்

நம் சமுதாயப் பெரியோர் உடனே கேட்கும் வினா, இது மார்க்கத்தில் ஆகுமா என்பது. போரில் மூக்கிழந்த அர்ஃபஜா என்னும் தோழர் வெள்ளியால் மூக்குச் செய்து பொருத்திக்கொண்டார் என்றும், அது நாற்றமெடுக்கவே பொன்னால் செய்துகொள்ள நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள் என்றும் அபூதாவூத், திர்மிதி ஆகிய நூல்களில் செய்தி வருகின்றது. ஆண்களுக்கு விலக்கப்பட்ட பொன்னே இங்கு அனுமதிக்கப்பட்டது நோக்கத்தக்கது. பன்னாட்டு இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 2007 ஜூலையில் மலேசியாவின் புத்ராஜயாவில் கூடி, பிறவிக்குறையையும் விபத்தால் வந்த குறையையும் நீக்கும் அறுவை ஆகும் என்றும், இயல்பான உறுப்பை வெறும் விருப்பத்திற்காக மாற்றுதல் ஆகாது என்றும் தீர்மானித்தது. ஆகும் என்ற வரிசையில் பிளவுபட்ட உதட்டோடு, மிகவும் கோணிய மூக்கும் பெயர்குறித்துச் சொல்லப்பட்டிருக்கின்றது. ஆதலின் மூக்குத்தண்டு வளைந்து மூச்சுமுட்டுவோரும், பிளவுதட்டோடு பிறந்தோரும், சாலை விபத்தில் மூக்குடைந்தோரும் கூச்சமின்றி மருத்துவரை நாடலாம். அவர்களையும் அழகுப்பித்தர் என்று பேசுவோர் நம் ஊர்களில் உண்டு; அது பெரும்பாவம்.

எஞ்சியோர் திறத்தில்தான் அளவு பற்றிய வினா எழுகின்றது. பழுத்த மருத்துவர் நோயாளி கொணரும் தற்படத்தைக் கொண்டு முடிவு செய்வதில்லை. நிறமொத்த திரைக்கு முன் நிறுத்தி, ஐந்தடியளவு தள்ளி நின்று, தொலைவிற்குரிய வில்லையால் நேர், பக்கம், சாய்வு, கீழிருந்து எனப் பல நிலைகளில் படமெடுக்கின்றனர். பழைய நிழற்படக் கூடத்தார் முக்காலியில் நம்மை அமர்த்திவிட்டுத் தாம் பின்னே பின்னே சென்றது இக்காரணம் பற்றியே. அறுவைக்குப் பின் மூக்கு நுனியின் வீக்கம் முற்றும் வடிய ஓராண்டும் ஆகலாம். அந்நாட்களில் நாளுக்குப் பத்துமுறை தற்படமெடுத்து வீக்கத்தை அளப்போர் தம்மைத் தாமே வாட்டுகின்றனர்.

இவற்றை எழுதத் தூண்டிய நிகழ்ச்சி ஒன்றுண்டு. நம் துறையில் பயின்று சென்ற மாணவி ஒருத்திக்குத் திருமணம் பேசினர். மாப்பிள்ளை வீட்டார் படம் கேட்க, அவள் கைப்பேசியில் தானே எடுத்த படம் வாட்ஸப்பில் சென்றது. பெண் நேரில் பார்க்கப்படுமுன்னரே, 'மூக்கு கொஞ்சம் பெரிதாக இருக்கிறதே' என்ற சொல் தரகர் வழியாகத் திரும்பி வந்தது. வாப்பா அதனை மறைக்க நினைத்தார். உம்மா வாய்தவறிச் சொல்லிவிட்டார். அன்றுமுதல் அவள் திருமண வீடுகளுக்குச் செல்வதை நிறுத்தினாள். வளைகுடாவில் பணிபுரியும் தாய்மாமன், 'ஆகும் செலவை நான் பார்த்துக்கொள்கிறேன், புள்ளை அழக்கூடாது' என்றார். துறைக்கு வந்தவளை வராந்தாவில் நிறுத்தி, அவள் கைப்பேசியாலேயே ஓரடியில் ஒன்றும் ஐந்தடியில் ஒன்றுமாக எடுத்து அருகருகே வைத்துக் காட்டினோம். நெடுநேரம் பார்த்தாள். 'இரண்டாவதில் இருப்பது நான்தான். ஆனால் அவர்கள் பார்த்தது முதலாவதைத்தானே' என்றாள். அதற்கு நம்மிடம் விடையில்லை.

பின்னர் மதுரையில் ஒரு மருத்துவரிடம் அழைத்துச் சென்றனர். மூக்குத்தண்டில் சிறுவளைவு இருப்பதாகவும், மூச்சில் குறையின்மையால் அதற்கு மருத்துவம் வேண்டாமென்றும் அவர் கூறினார். ஆறுமாதம் முன்புறப் படக்கருவியைப் பயன்படுத்தாமல் இருந்துவிட்டு, அப்பொழுதும் அறுவை வேண்டுமென்று தோன்றினால் வரச் சொன்னாராம். அவள் இப்பொழுது பி.எட். படித்து வருகின்றாள். மருத்துவர் சொன்ன ஆறுமாதம் முடிய இன்னும் சில கிழமைகள் உள்ளன.